முடிவுக்கு விலை வைக்காதீர்கள்

பாடலிபுத்திர அகழாய்வுக்குப் பணம் தந்தவர் நம் மும்பையின் சர் ரத்தன் டாட்டா. ஆண்டுக்கு 20,000 ரூபாய் தருவதாக அவர் முன்வந்தார், 1913இல் டி. பி. ஸ்பூனர் கும்ராகாரில் தோண்டத் தொடங்கினார். மௌரியர் காலத் தூண் மண்டபம் வெளிப்பட்டது.

அதே ஸ்பூனர் 1915இல், மண்டபத்தில் பெர்சிபோலிஸின் சாயலைக் கண்டதோடு நில்லாமல், மௌரியரே சொராஸ்திரியர் என்று எழுதினார். பணம் தந்தவரோ பார்சி. டாட்டா இம்முடிவைக் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. புரவலரின் முகம் ஆய்வாளனின் மனத்துள் இருந்தால் போதும். மறு ஆண்டே ஏ. பி. கீத் மறுத்தெழுதினார். கோட்பாடு உதிர்ந்தது, தோண்டிப் பதிந்த தரவு நின்றது. 1951–55இல் மீண்டும் அகழ்ந்த அல்தேகர் குழு, ஸ்பூனர் கண்ட 72 தூண்தடங்களோடு மேலும் 8ஐச் சேர்த்தது.

ஸ்பூனரைக் கண்டு நகைக்கும் நாம், 2025 சனவரியில் என்ன செய்தோம்? சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குத் தமிழக அரசு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்ததும் கைதட்டினோம். எம்மொழியாகப் படித்தாலும் பரிசு உண்டு என்பது உண்மையே. ஆயினும் நம் கொண்டாட்டத்தில் விடை முன்னரே எழுதப்பட்டிருந்தது. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள். இருமொழிப் பொறிப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்நிலையில் முடிவுக்கு விலை வைத்தால், பொறுமையுள்ளவரை முந்திக்கொண்டு அவசரக்காரரே வருவர்.

அதே விழாவில் ஐராவதம் மகாதேவன் பெயரிலான ஆய்விருக்கைக்கு 2 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதைப் பேசுவாரில்லை. மகாதேவன் செய்தது என்ன? 1970இல் பெற்ற நேரு ஆய்வு நல்கையும் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியும் துணைநிற்க, 1977இல் சிந்துக் குறிகளுக்குத் தொடரடைவு வெளியிட்டார். அவர் திராவிடக் கருதுகோளை ஏற்றவர். அதை மறுப்போரும் இன்று அத்தொடரடைவையே எடுத்தாள்கின்றனர்.

மாயன் எழுத்திலும் இதுவே நடந்தது. அதை ஒலிப்படுத்திப் படிக்கும் வழியை 1952இல் யூரி நோரோசோவ் திறந்தது, முன்னரே அச்சேறியிருந்த சுவடிப் படிகளைக் கொண்டே.

ஆதலின் அரசையும் செல்வரையும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: அகழாய்வு அறிக்கைகள் முழுமையாக அச்சேற வேண்டும், முத்திரைகளின் படிமங்கள் எவருக்கும் கிடைக்க வேண்டும், இளம் ஆய்வாளருக்கு ஐந்தாண்டு நல்கை வேண்டும். விடை தமிழாக இருந்தால், அதைத் தாங்க அச்சான்றே போதும். வேறாக இருந்தால், அதை ஏற்கும் துணிவும் நமக்கு அச்சான்றிலிருந்தே வரவேண்டும்.