கன்றின் வயதைக் கேளுங்கள்

"மூங்கில் வேகமாக வளருமே சார், நம் பக்கம் நட்டால் லாபம்தானே?" பைராம் தோட்டத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் கேட்டார். வேகம் உண்மைதான். முளை சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். ஆனால், தண்டு முற்றி உறுதிபெற மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

எனக்குக் கவலை கன்றைப் பற்றித்தான். பல மூங்கில் இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பூத்து விதைத்ததும் புதர் மடிந்துவிடும். விதை அரிது என்பதால் கணுத்துண்டிலிருந்தோ திசு வளர்ப்பிலோ கன்று எடுக்கிறார்கள். பார்க்கத்தான் அது குட்டி. தாய்ப்புதரின் வயதை அது சுமந்துகொண்டிருக்கும். ஒரே தாயின் கன்றுகளைத் தோட்டம் முழுக்க நட்டால், எல்லாம் ஒரே சமயத்தில் பூத்துச் சாகலாம். இன்றைய மிசோராமில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் காடே பூக்கிறது. 1959இல் அந்த விதையைத் தின்று பெருகிய எலிகள் வயல்களையும் அழித்ததால் பஞ்சமே வந்தது.

கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் பெத்தோங், செமந்தான் போன்ற உள்ளூர் மூங்கில்களை ஆராய்கிறது. அந்த அறிவு நாற்றங்கால் வரை வர வேண்டும். விற்கும் ஒவ்வொரு கன்றிலும் அதன் தாய்ப்புதர் எது, எங்கிருந்து வந்தது என்ற சீட்டு தொங்க வேண்டும். ரப்பரை ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று இரகப் பெயர் சொல்லித்தானே நட்டார்கள்? மூங்கிலுக்கு மட்டும் ஏன் கூடாது?