காணிக்கைப் பையில் யாருடைய பணம்?

தியானப் பகுதி: மாற்கு 7:9-13, 2 இராஜாக்கள் 4:1-7



மாதத்தின் முதல் ஞாயிறு, சம்பளம் கைக்கு வந்தபின் நாம் ஆலயத்தில் கூடுகிற நாள். தசமபாகக் கவர்களும் ஸ்தோத்திரக் காணிக்கைகளும் அன்று மிகுதியாய்ச் சேரும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் குறித்து நீங்கள் பல பிரசங்கங்களைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் பையில் போடுகிற பணம் யாருடையது?

கர்த்தருடையது என்று உடனே விடை சொல்வோம். சகலமும் அவருடையது, நாம் உக்கிராணக்காரர் மாத்திரமே என்பது உண்மைதான். ஆனால் ஓர் உக்கிராணக்காரன், கூலியாட்களுக்குச் சேர வேண்டியதை எஜமானின் பங்கோடு சேர்த்துக் காட்டினால், அந்தக் கணக்கு உண்மையுள்ள கணக்காகுமா?

நம் ஆண்டவருடைய நாட்களில் 'கொர்பான்' என்னும் ஒரு சொல் வழங்கி வந்தது. தேவனுக்கென்று நேர்ந்துவிடப்பட்டது என்பது அதன் பொருள். ஒரு பொருளைக் குறித்து இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், பிறர் அதைத் தொடக் கூடாது. எருசலேமுக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட பழங்காலத்து எலும்புப் பேழை ஒன்றின் மூடியிலும் இச்சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பதை எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடிக்கு அது காவல் நின்றது. இதே சொல்லைத் தகப்பனுக்கும் தாய்க்கும் எதிராகச் சிலர் நிறுத்தினார்கள். பெற்றோருக்கு உதவ வேண்டிய பணத்தை 'தேவனுக்குரியது' என்று சொல்லிக் கைகழுவினார்கள். இயேசு அதைப் பக்தி என்று ஏற்றுக்கொள்ளவில்லை. தேவனுடைய கற்பனையை அவமாக்குகிற செயல் என்றே கடிந்துகொண்டார். ஆகவே, தேவனுடைய பெயரைச் சொல்லிக் கொடுத்தாலும், பிறருக்குரியதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொடுப்பது காணிக்கை ஆகாது.

கூலியைக் குறித்து வேதம் இன்னும் கண்டிப்பாய்ப் பேசுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24-ஆம் அதிகாரத்தின் கட்டளை. அவன் அதையே நம்பியிருக்கிறான் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிடித்து வைக்கப்பட்ட கூலி தேவனை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு தம் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற சகோதரிக்கு இம்மாதச் சம்பளம் போயிற்றா? சுவர் பூசிய கொத்தனாருக்கு மீதித்தொகை தந்தாயிற்றா? மளிகைக் கடைப் பற்று எத்தனை மாதமாய் நிற்கிறது? அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த உறவினர், கேட்கக் கூச்சப்பட்டு மௌனமாய் இருக்கிறாரா? பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொன்னது இவர்களையும் குறித்தே அல்லவா?

எலிசாவின் நாட்களில் நடந்ததையும் பாருங்கள். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் மரித்துப்போனார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்தான். விதவையின் வீட்டில் எண்ணெய் பெருகியபோது எலிசா சொன்ன ஒழுங்கு இது: எண்ணெயை விற்க வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், மீந்ததைக்கொண்டு தாயும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். அற்புதத்தினால் வந்த அந்தப் பணத்தில் தீர்க்கதரிசி தமக்கென்று ஒரு பங்கும் கேட்கவில்லை.

இதற்கு மாறான ஓர் உபதேசம் இன்று நம் நடுவே பரவியிருக்கிறது. கடனிலிருந்து விடுதலை வேண்டுமானால், கடன் வாங்கியாவது 'விதை' விதைக்க வேண்டும் என்கிறார்கள். தாலிச் செயினை அடகு வைத்துப் பொருத்தனை செலுத்துகிறவர்களும் உண்டு. இது விசுவாசமன்று என்று நான் திட்டமாய்ச் சொல்வேன். ஒருவனிடத்தில் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அவனுடைய ஈவு ஏற்றுக்கொள்ளப்படும் என்பது கொரிந்து சபைக்குப் பவுல் கற்பித்த உபதேசம். வட்டிக்கு வாங்கியதைக் கொடுக்கும்போது, உண்மையில் அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் வீட்டிலுள்ள பிள்ளைகளே.

சாறிபாத் விதவை கடைசிப் பிடி மாவையும் கொடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தாள். அந்த மாவு அவளுடையது. அவள் பெற்றுக்கொண்டது பஞ்சகாலத்தில் அன்றன்றைய அப்பம்; செல்வமன்று. இரண்டு காசு போட்ட விதவையும் தன்னுடையதையே போட்டாள். அவளைக் காட்டிப் பேசுவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கண்டித்தார். அவளை முன்மாதிரியாகக் காட்டிப் பணம் கேட்கிற நாங்கள் அதை மறந்துவிடலாகாது.

ஆகிலும், கடனைக் காரணம் காட்டிக் கையை மூடிக்கொள்வதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல. தவணைக்குப் புதிய வாகனம் வாங்கவும், கடன்பட்டுப் பகட்டாய்த் திருமணம் நடத்தவும் வழி இருக்குமானால், ஏழைக்குக் கொடுக்க மாத்திரம் வழியில்லை என்பது எப்படி? நம் சபைத் தாய்மார் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தார்களே, அந்தப் பிடி அரிசிக் காணிக்கையால் ஒருவரும் கடனாளி ஆகவில்லை. அவரவர் வீட்டில் இருந்ததிலிருந்தே அது கொடுக்கப்பட்டது.

பொருள் சேர்ப்பதும் பாவமன்று. ஜான் வெஸ்லி 1760-இல் வெளியிட்ட பணத்தைப் பற்றிய பிரசங்கத்தில், சம்பாதிப்பது, சேமிப்பது, கொடுப்பது என்னும் மூன்றையும் கற்பித்தார். பிறனுடைய உடலுக்கோ உடைமைக்கோ கேடு செய்து சம்பாதிக்கலாகாது என்று முதலாவதற்கே எல்லை வகுத்தார். அந்த எல்லையைத் தாண்டி வந்த பணத்தில் தசமபாகம் செலுத்துவதால் மீதி பரிசுத்தமாகிவிடாது. சகேயு அதை அறிந்திருந்தான். தரித்திரருக்குப் பாதி கொடுப்பதாகச் சொன்னதோடு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்கவும் முன்வந்தான்.

ஆகையால் இம்மாதச் சம்பளம் வந்தவுடன் ஒரு தாளை எடுத்து, உங்களிடத்தில் பெற வேண்டியவர்களின் பெயர்களை எழுதுங்கள். கூலி நிற்கிறவர்களை முதலில் எழுதுங்கள். அதை அன்றைக்கே கொடுங்கள். முதிர்ந்த பெற்றோரின் மருந்துச் செலவுக்கு உரியதை ஒதுக்குங்கள். கடன் தவணையைத் தவறாதிருங்கள். உங்களுடையதாய் நிற்பதிலிருந்து, சிறிதானாலும் மனமகிழ்ச்சியோடு கர்த்தருக்குக் கொடுங்கள். கடன் குறையக் குறையக் கொடுப்பதையும் பெருக்குங்கள்.

இந்த நியாயம் சபைக்கும் பொருந்தும். ஆலயத்தைப் பெருக்குகிறவருக்குச் சம்பளப் பாக்கி இருக்கையில் புதிய ஒலிபெருக்கி வாங்குவது நமக்குத் தகாது. உங்கள் காணிக்கையினால் பிழைக்கிற ஒருவனே இதை எழுதுகிறேன். சில மாதங்கள் பை இலேசாய் இருக்கலாம், இருக்கட்டும். ஒரு கூலியாளின் கண்ணீர் அதில் கலந்திருப்பதைப் பார்க்கிலும் அது மேலானது.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் கையிலிருப்பதில் பிறருக்கு உரியது எது என்று காண எங்கள் கண்களைத் திறந்தருளும். அதைத் தாமதமின்றிச் செலுத்தவும், சுத்த மனசாட்சியோடு உம் சமுகத்தில் காணிக்கை படைக்கவும் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.