அண்மையிற் படித்தவை: மூன்று திகில் நூல்கள்

தவணை விடுமுறையிலே திகில் நூல்கள் மூன்றை அடுத்தடுத்துப் படித்தேன். “கல்லூரி ஆசிரியருக்கு இஃது ஏற்ற படிப்போ?” என்று நண்பரொருவர் நகைத்தார்.

‘அன்ட் தென் தெயர் வேர் நன்’ என இன்று வழங்கும் அகதா கிறிஸ்ரியின் 1939ஆம் ஆண்டு நாவலில், தனித்தீவொன்றிலே பத்துப்பேர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். முடிச்சு அவிழ்ந்ததும் அச்சமும் அகன்றுவிடுகிறது. பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராகுலா’ (1897) அதனினும் ஆற்றல் மிக்கது. நாட்குறிப்புகளும் கடிதங்களுமாக அமைந்த அக்கதையில், முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பின் டிராகுலாப் பிரபு அரிதாகவே தோன்றுகிறான். அவனைக் காணாமையே அச்சத்தை வளர்க்கிறது.

ஆயினும் என் உறக்கத்தைக் கெடுத்தது மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்ரைன்’ (1818) ஒன்றே. பலர் எண்ணுவதுபோல் அது பூதத்தின் பெயரன்று. அதனைப் படைத்த மாணவனின் பெயர். தான் ஆக்கிய உயிர் கண்விழித்ததும், அதன் தோற்றத்தை வெறுத்து அவன் ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அவ்வுயிரோ, ஒரு குடும்பத்தார் உரையாடுவதை மறைந்திருந்து கேட்டு மொழி கற்கிறது, அன்பை நாடுகிறது, அது கிடையாதபோதே கொலைக்குத் துணிகிறது.

இருபதாண்டுகளாக வகுப்பறையிலே நிற்பவன் நான். மந்தரென்று ஒதுக்கி, கடைசி வாங்கிலே இருத்திய மாணவர் சிலரின் முகங்கள் அன்றிரவு நினைவில் எழுந்தன. அவர்களும் என் குரலை எட்ட இருந்தே கேட்டவர்களல்லரோ?

தவணை தொடங்கியதும் முதல் வேலையாக அவ்வாங்கை முன்னே இழுத்துப்போட எண்ணியுள்ளேன். நண்பருக்கு என் விடை இதுவே.