சோமம் மறுக்கப்பட்ட மருத்துவர்கள்

ரிக் வேதத்தின் முதல் மண்டலம், 116ஆம் சூக்தத்தில் ஓர் உலோகக் கால் வருகிறது. விஸ்பலாவின் கால் அறுபட, அஸ்வினி இரட்டையர் உடனே உலோகக் கால் பொருத்தி அவளை மறுபடி ஓடவைக்கிறார்கள். இந்த ஒரு செய்யுளை வைத்துக்கொண்டு, உலகின் முதல் செயற்கைக் கால் நம்முடையது என்று வாட்ஸப்பில் சுற்றும் காணொளிகளுக்குக் கணக்கே இல்லை.

விஸ்பலா பெண்ணே அல்ல, பந்தயக் குதிரை என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. அங்கே வரும் அயஸ் என்ற சொல் இரும்பா, செம்பா என்பதும் தீராத வழக்கு. அதையெல்லாம் விடுங்க. நிஜமாகவே ஆபரேஷன் நடந்தது என்றே வச்சுக்குவோம். பொருத்திய டாக்டர்கள் கதி என்ன ஆச்சு? அந்த இடம் வந்ததும் காணொளி முடிந்துவிடுகிறது.

தேவர்கள் அவர்களைத் தள்ளி வைத்தார்கள். தைத்திரிய சம்ஹிதை காரணத்தை ஒளிக்கவே இல்லை: மனிதர்கள் நடுவே திரிகிற மருத்துவர்கள், ஆகவே தூய்மையற்றவர்கள். ஆனால் வேள்வியின் தலை அறுந்தபோது ஒட்டவைக்க அதே ஆட்கள்தான் வேண்டியிருந்தது. எங்களுக்கும் ஒரு கிண்ணம் சோமம் வேண்டும் என்று பேரம் பேசித்தான் ஒட்டினார்கள். கிண்ணம் கிடைத்தது, முதலில் அவர்களைச் சுத்திகரித்த பிறகு. பிராமணன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்ற விதியும் அதே இடத்தில் வருகிறது. (நடுராத்திரி சர்வர் படுத்தால் எங்களைக் கூப்பிடுவார்கள், ரிலீஸ் பார்ட்டிக்கு மறந்துவிடுவார்கள். அது மறதி. இது விதி.)

மகாபாரதத்தின் வன பர்வத்தில் இதே சண்டை இன்னும் பச்சையாக நடக்கிறது. கிழவரான சியவனருக்கு இளமை தந்த அஸ்வினிகளுக்கு, சர்யாதியின் வேள்வியில் அவர் சோமம் எடுக்கிறார். வைத்தியர்களுக்கா என்று இந்திரன் வஜ்ராயுதத்தை ஓங்குகிறான். சியவனர் அவன் கையை அப்படியே உறையவைத்து, ஒரு பெரும் பூதத்தை ஏவிய பிறகுதான் இந்திரன் இறங்கி வருகிறான். நியாயத்தை எடுத்துச் சொல்லி அல்ல, பயமுறுத்தி வாங்கிய பங்கு அது.

இதில் கவனிக்க வேண்டியது, ரிக் வேதத்தில் இந்தத் தீட்டு இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட சூக்தங்கள் அவர்களுக்கு உண்டு. சோமம் குடிக்க வாருங்கள் என்றே கூப்பிடுகின்றன. அவர்கள் செய்த வேலைகளைப் பாருங்க. நடுக்கடலில் தத்தளித்த புஜ்யுவைக் கரைசேர்த்தார்கள். அப்பன் வீட்டிலேயே வயதாகிப்போன கோஷாவுக்குக் கணவனைத் தந்தார்கள். ஓநாயின் வாயிலிருந்து ஒரு காடையை விடுவித்தார்கள். ஒரு காடை! இந்திரன் விருத்திரனைக் கொன்ற பெருமையைப் பாடும் அதே நூலில்தான் இதுவும் இருக்கிறது. எனக்கு அந்தக் காடை போதும், ராக்கெட் வேண்டாம்.

ஆக, இழிவு பின்னால் வந்து சேர்ந்தது. மனு ஸ்மிருதி வரும்போது மருத்துவர் தரும் சோறு உண்ணத்தகாதது; சிராத்தத்துக்கு அழைக்கக்கூடாதவர் பட்டியலிலும் அவர் இருக்கிறார். தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977லேயே ‘பண்டைய இந்தியாவில் அறிவியலும் சமூகமும்’ நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதிவிட்டார். மருத்துவத்தை வளர்த்தது மரபு என்றால், மருத்துவரைத் தள்ளி வைத்ததும் அதே மரபுதான். ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துப் பெருமை கொண்டாடுவது அயோக்கியத்தனம்.

இது புராணத்தோடு முடிந்த சமாச்சாரமும் இல்லை. தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளையை முதலில் ஏந்திய கைக்கு, அந்த வீட்டுப் பந்தியில் இலை கிடையாது.

அடுத்த காணொளி தயாரிப்பவர்கள் உலோகக் காலோடு தைத்திரிய சம்ஹிதையின் அந்தப் பகுதியையும் சேர்த்துப் போடட்டும். ஆறாம் காண்டம், நான்காம் பிரபாடகம், ஒன்பதாம் அனுவாகம்.