பெட்டிக்குள்ளே என்ன சார் இருக்கு?

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று பொடி எழுத்தில் முழு ஜாதகமும் இருக்கும். அப்படியே உங்கள் வீட்டு வைஃபை பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். மாடல் நம்பர், சீரியல் நம்பர், எத்தனை வோல்ட். அவ்வளவுதான். உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேர் யார் செய்தது, எந்த வருஷத்துச் சரக்கு? மூச்!

'அந்தக் கம்பெனிதான் செய்திருக்கும்' என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு குட்டி கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறது. எம்பெடட் சிஸ்டம் என்பார்கள். அதற்கு யாரும் முதல் வரியிலிருந்து சாஃப்ட்வேர் எழுதுவதில்லை. லினக்ஸ், ரகசியப் பூட்டுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல், சில்லறை வேலைகளுக்கு பிஸிபாக்ஸ் என்று ஊரார் செய்த பேக்கேஜ்களை எடுத்து வந்து கோத்து, மேலே தங்கள் லேபிளை ஒட்டுவார்கள். இதில் தப்பே இல்லை. கல்யாண சமையல்காரர் நெல் விதைத்தா சாதம் வடிக்கிறார்? ஆனால், மளிகை எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு சீட்டாவது வைத்திருக்க வேண்டாமா? என் சண்டை அதுதான்.

நான் பி.காம். சரக்கு உள்ளே வந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதிவு செய், பேட்ச் நம்பர் எழுது என்று சொல்லிக் கொடுத்த படிப்பு. மருந்துக் கம்பெனி ஒரு பேட்ச் கெட்டுவிட்டது என்றால், அது எந்தெந்த ஊருக்குப் போனது என்று சொல்லியாக வேண்டும். சாஃப்ட்வேரில்?

2020 ஜூன் மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஜெரூசலேமில் உள்ள ஜேஎஸ்ஓஎஃப் என்ற சின்ன ஆய்வு நிறுவனம், 19 ஓட்டைகளை அறிவித்தது. 'ரிப்பிள்20' என்று பெயர். ஓட்டை இருந்தது ட்ரெக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பேக்கேஜில். கருவிகளை நெட்வொர்க்கோடு பேச வைக்கிற சமாசாரம். 1990-களில் பிறந்தது. ஜப்பானில் வேறு பெயரில் ஒரு கிளையாகவும் வளர்ந்தது. இதை ஒருவர் வாங்கித் தன் சரக்கில் சேர்க்க, அதை இன்னொருவர் வாங்க... 20 வருஷத்தில் எங்கெங்கோ போய்விட்டது. ஹெச்.பி. பிரிண்டர், ஷ்னைடரின் யூபிஎஸ், ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றும் பேக்ஸ்டர் பம்ப்! பல கோடிக் கருவிகள் என்பது கண்டுபிடித்தவர்கள் கணக்கு. ட்ரெக் மருந்து கொடுத்துவிட்டது. நோயாளி யார் என்பதுதான் பிரச்னை. தங்கள் பெட்டிக்குள் அந்தப் பேக்கேஜ் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே பலருக்குப் பெரிய வேலையாகிவிட்டது. ரிஜிஸ்டர் இருந்தால் ஒரு மத்தியான வேலை சார் இது.

கருவி இல்லையா என்றால், ஜம்மென்று இருக்கிறது. யோக்டோ என்று ஒன்று, 2010-ல் ஆரம்பித்தது. அதில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு 'ரெசிப்பி'. நிஜமாகவே அதுதான் பெயர். எங்கிருந்து எடுப்பது, எந்த வெர்ஷன், என்ன லைசென்ஸ் எல்லாம் அதில் எழுதியிருக்கும். கடைசியில் உள்ளே போன சரக்கின் பட்டியலையும் அதுவே போட்டுக் கொடுக்கும். பில்ட்ரூட் என்ற இன்னொன்றும் லைசென்ஸ் விவரத்தோடு பட்டியல் தரும். ஆனால், வெர்ஷனைக் குறிக்காமல் 'இன்றைக்கு எது புதுசோ அதை எடு' என்று எழுதவும் வழி உண்டு. சோம்பேறிகளுக்கு அது சொர்க்கம். திங்கட்கிழமை செய்த பெட்டியும் வெள்ளிக்கிழமை செய்த பெட்டியும் வேறு வேறு. லேபிள் மட்டும் ஒன்று.

'நல்லா ஓடுது, தொடாதே' என்பார்கள் இன்ஜினீயர்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் பல, மொத்த சாஃப்ட்வேரையும் ஒரே பிண்டமாக மாற்றுகிற ஜாதி. பாதியில் கரன்ட் போனால் பெட்டி செங்கல். அவர்கள் பாஷையிலும் செங்கல்தான்! அதற்கும் வழி உண்டு: இரண்டு இடம் வைத்து, ஒன்றில் ஓடிக்கொண்டே இன்னொன்றில் புதியதை எழுதலாம். மெமரி கூட வேண்டும், காசு செலவு. சரி, தொடாதீர்கள். எதைத் தொடாமல் வைத்திருக்கிறோம் என்றாவது தெரியுமா?

'தொழில் ரகசியம்' என்பது அடுத்த சாக்கு. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் சிலர் கண்டுபிடித்தார்கள். லைசென்ஸ்படி மூல நிரலைக் கொடு என்று நெருக்க, கொடுத்தார்கள். அதிலிருந்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி முளைத்தது. வியாபாரம் படுத்ததா? 2005-ல் லினக்ஸ் பிரியர்களுக்கென்றே தனி மாடல் போட்டு விற்றார்கள் அதே லிங்க்சிஸ்காரர்கள்!

ஐரோப்பாவில் பொறுமை போய்விட்டது. 2024-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். முழுசாக அமலுக்கு வரும் நாள் 2027 டிசம்பர் 11. தயாரிப்பாளர் பேக்கேஜ் பட்டியல் வைத்திருந்தே ஆக வேண்டும். பொதுவாக ஐந்து வருஷமாவது ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும். பட்டியலை உங்களிடம் காட்டியாக வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த மட்டில் எனக்கு வருத்தம்தான். நம் நாட்டிலும் செர்ட்-இன் 2024-ல் இந்தப் பட்டியல் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வழிகாட்டி, சட்டம் அல்ல. இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவை ரவுட்டரோ கேமராவோ வாங்கப் போனால், 'எத்தனை வருஷம் அப்டேட் வரும்?' என்று கேளுங்கள். 'ஒரு வருஷம் வாரன்ட்டி சார்' என்பார் கடைக்காரர். நான் கேட்டது அது இல்லை என்று சொல்லுங்கள்.