பாட்டுத் தேர்வைப் புரட்டாசியில் வையுங்கள்

கல்லூரி இசைச் சேர்க்கை, உதவித்தொகை குறித்து எங்கள் நிலைப்பாடு

தில்லியில் கர்நாடக இசை கற்பிப்பவர்களும், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இசைக்காக இடம் கேட்கும் மாணவரைப் பாடச் சொல்லிக் கேட்பது சேர்க்கையின் கடைசிக் கட்டத்தில்தான். பிப்ரவரி நடுவில் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு, மே மாதம் தொடங்கி க்யூட் நுழைவுத் தேர்வு, அதற்கும் பிறகு ஜூலை, ஆகஸ்டில் செய்முறைத் தேர்வு. இந்த வரிசை மாற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் புரட்டாசியிலேயே, அதாவது செப்டம்பர் பிற்பகுதிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடையில், செய்முறைத் தேர்வை முடித்து, அந்த மதிப்பெண்ணை அடுத்த கோடைச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கோருகிறோம்.

இ.சி.ஏ. எனப்படும் கலைத்திறன் ஒதுக்கீட்டில் க்யூட் மதிப்பெண்ணுக்கு 25 சதவீதம், கலைத்திறனுக்கு 75 சதவீதம். இவ்வளவு கனமான பகுதியை, மாதக்கணக்கில் சாதகம் விட்டுப்போன பிள்ளையிடம் போய்க் கேட்கிறோம். க்யூட்டில் நிகழ்த்துகலைக்கென்று ஒரு தாள் உண்டு. அதுவும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள்தான். அதற்குப் படித்தால் தொண்டை பழகாது.

தட்பவெப்பமும் எதிராகவே இருக்கிறது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. 45 டிகிரியை எட்டும் தில்லிக் கோடையில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால் மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்க, வேண்டும். அது தெரிந்த கை இங்கே எளிதில் கிடைக்காது. ஜூலை ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குளிர்காலத்துக்கு மாற்றலாமே என்றால், அக்டோபர் கடைசியிலிருந்து புகைமூட்டம். 2023, 2024 நவம்பர்களில் பள்ளிகளையே மூட நேர்ந்த காற்று அது. அந்தக் காற்றில் ஒரு குழந்தையை மேல் ஸ்தாயியில் நிறுத்திச் சோதிப்பது நியாயமில்லை. புரட்டாசியில் பெரும்பாலும் நவராத்திரி வருகிறது. வீட்டுக்கு வீடு கொலுவில் பாடி, பிள்ளைகள் தாமாகவே நல்ல பயிற்சியில் இருப்பார்கள். அரையாண்டுத் தேர்வோடு மோதும் என்று பள்ளிகள் சொல்லக்கூடும். சில நாள் தள்ளிவைத்துத் தீர்க்கக்கூடிய மோதல்தான் அது.

இடம் கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. தில்லி துவாரகாவில் இருக்கும் சி.சி.ஆர்.டி. என்ற கலாசாரப் பயிற்சி மையத்தின் வழியாக 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. ஒருமுறை தேர்வானால் 20 வயது வரை, அல்லது முதல் பட்டம் முடியும் வரை, அது தொடர முடியும். ஆகவே கல்லூரிக் காலத்து உதவிக்கான தேர்வு உண்மையில் ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் விசாரிக்க வரும் பெற்றோரிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு மனம் கனக்கிறது. அடுத்தது கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. அதற்குக் குருவிடம் ஐந்தாண்டுப் பயிற்சியும் 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். 17 வயதில் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை முதல் ஆண்டு வெறுங்கையோடு நிற்கிறது. 14-க்கும் 18-க்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை மூடும் வகையில் வயது வரம்பைத் திருத்த வேண்டும். எந்த ஆண்டுக்கான தொகையோ அந்த ஆண்டிலேயே, கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளுக்கு முன், முடிவு தெரிய வேண்டும்.

முன்கூட்டியே முடிவு சொல்ல முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க இசைக் கல்லூரிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, வசந்தத்தில் உதவித்தொகையை அறிவிக்கின்றன. மாணவர் மே 1 வாக்கில் முடிவு சொல்வது அங்கே நெடுநாள் வழக்கம். அங்கே முந்திப் போனால் பணம் அதிகம் என்ற எண்ணமும் பெற்றோரிடையே உண்டு. முந்துவோருக்கு அதிகம் தரும் வழக்கம் இங்கே வரக்கூடாது. குருவும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைதான் முதல் வாரத்தில் தயாராக இருக்கும். எல்லோரையும் கேட்டு முடித்த பிறகே தொகையைப் பங்கிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதே சி.சி.ஆர்.டி. விண்ணப்பத்தைப் பாருங்கள், கற்றுக்கொள்ளத் தொடங்கிய தேதிக்கு ஆசிரியரிடம் கையெழுத்துடன் சான்று வாங்கி வையுங்கள்.

இந்தக் கோரிக்கைகளைப் பல்கலைக்கழகத்துக்கும் அமைச்சகத்துக்கும் எழுத்தில் அளிக்கிறோம். புரட்டாசித் தேர்வுக்கு நடுவர்கள் போதாது என்றால் எங்கள் ஆசிரியர்கள் ஊதியமின்றி வந்து அமர்வார்கள். தங்கள் மாணவர் பாடும் அமர்வில் மட்டும் அமர மாட்டார்கள்.