பழத்தின் மேல் பூசும் மெழுகு: எங்கள் நிலைப்பாடு

ஆப்பிளைக் கத்தியால் சுரண்டி, திரண்டு வரும் வெள்ளைத் துகளைக் காட்டி "விஷம்" என்று சொல்லும் வாட்ஸ்அப் காணொளிகள் திரும்பத் திரும்பச் சுற்றுக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு எங்கள் நுகர்வோர் அமைப்பிடம் கேட்பவர்களுக்கு இதுவே எங்கள் பதில்.

மெழுகு பூசுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆப்பிளின் தோலில் இயல்பாகவே மெழுகு உண்டு. பறித்த பழத்தைக் கழுவித் தேய்க்கும்போது அதில் ஒரு பகுதி போய்விட, பழம் நீர் இழந்து சுருங்கும். அதை ஈடுகட்டத்தான் மேற்பூச்சு. தேன்மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னவ்பா, அரக்குப் பூச்சி சுரக்கும் ஷெல்லாக் ஆகிய மூன்றை நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் பழங்களுக்கு அனுமதிக்கின்றன. கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் பாரஃபின், அதாவது மெழுகுவர்த்தி மெழுகு, அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பூசி விற்பவர்கள் மீது நடவடிக்கை வேண்டும்.

எங்கள் கவலை வேறு. கார்னவ்பா 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும், தண்ணீரில் கரையாது. மெல்லிய படலமாகப் பூச வேண்டுமென்றால் அதை நுண்துளிகளாக்கித் தண்ணீரில் பால்மமாக நிறுத்த வேண்டும். பாலில் கொழுப்பைப் புரதம் தாங்குவதுபோல, இங்கும் தாங்கிப்பிடிக்க ஒரு பொருள் தேவை. பழப்பூச்சில் அந்தப் பிடிமானத்தை நாமே சேர்க்கிறோம். எதைச் சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

அப்படிச் சேர்ப்பவற்றில் ஒன்று மார்ஃபோலின். அமெரிக்காவும் கனடாவும் அதை அனுமதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. 2010-ல் பிரிட்டனில் சிலி நாட்டு ஆப்பிள்களில் அது இருப்பது தெரியவந்தது. பழத்தில் இருக்கும் அளவால் ஆபத்தில்லை என்பது கனடா சுகாதாரத் துறையின் முடிவு. ஆகவே பீதி வேண்டாம். ஆனால் நாட்டுக்கு நாடு முடிவு மாறும் ஒரு பொருள் பழத்தில் இருக்கிறதா என்று அறிய வாங்குபவருக்கு உரிமை உண்டு. நம் விதியோ பெட்டியின் மேல் "மெழுகு பூசப்பட்டது" என்று மெழுகின் பெயரோடு போடச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.

அந்தப் பெட்டியும் மண்டியிலேயே தங்கிவிடுகிறது. நாம் வாங்குவது தள்ளுவண்டியில், கிலோக் கணக்கில். ஷெல்லாக் பூச்சியின் சுரப்பு என்று தெரிந்தால் தவிர்க்க நினைக்கும் சைவ உணவுக்காரருக்கு அந்தத் தகவல் வந்து சேர வழியே இல்லை.

மெழுகோடு பால்மமாக்கும் பொருளின் பெயரையும் பெட்டியில் அச்சிட வேண்டும். சில்லறையாக விற்கும் இடத்திலும் அந்த விவரம் தமிழில் தொங்க வேண்டும். அந்த அட்டையை இறக்குமதியாளரும் பொதியகமும் பெட்டியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்கு அபராதம் போடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். என்ன பூசியிருக்கிறார்கள் என்பதை அவரிடமும் யாரும் சொல்வதில்லை.